செம்பனைக் கொட்டைக்குள் ஒரு தேங்காய்

2025இல் தேங்காய் எண்ணெய் விலை எகிறியபோது, வீட்டில் சோப்பு செய்கிற பலரைப் போல நானும் மாற்று எண்ணெய் தேட ஆரம்பித்தேன். 'பாம் கெர்னல் ஆயில்' என்று சீட்டு ஒட்டிய ஒரு லிட்டர் பாட்டில் இணையத்தில் கிடைத்தது. அரைக் கிலோ எண்ணெய்க்குக் கணக்குப் போட்டு, காஸ்டிக் சோடாவைத் தராசில் நிறுத்து, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆறு வாரம் கழித்து ஒரு கட்டியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தால், சுண்ணாம்பு கூடிப்போன வெற்றிலையைப் போட்டதுபோல் சுட்டது. சோப்பில் காரம் மிச்சமிருந்தது.

கணக்கில் தப்பில்லை. பாட்டிலில்தான் தப்பு. மிச்சமிருந்த எண்ணெயையும் ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயையும் ஃப்ரிட்ஜில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கல்லாக இறுகி, கரண்டியால் குத்தினால் சில்லுச் சில்லாக உடைந்தது. பாட்டில் எண்ணெயோ மங்கலாகத் திரண்டு, பாதி உறைந்த நெய் மாதிரி வழுக்கியது. உண்மையான கெர்னல் ஆயில் என்றால் தேங்காய் எண்ணெயைப் போலவே உடைந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது, ரேஷன் கடையில் வாங்குகிறோமே, அதே பாமாயில்.

விற்றவர் ஏமாற்றினார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். இரண்டும் ஒன்று என்றே அவர் நினைத்திருக்கலாம், பெயர் அப்படி. ஒரே மரத்தின் ஒரே பழத்திலிருந்து, ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத இரண்டு எண்ணெய்கள் வருகின்றன. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் சோப்பு, தைலம், தலைமுடி என்று எதிலும் இறங்க முடியாது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். இந்த மரம் நம் பனை இல்லை. நுங்கும் பதநீரும் தருகிற பனைக்கு இது தூரத்துச் சொந்தம். மேற்கு ஆப்பிரிக்காதான் இதன் தாயகம். மலேசியத் தமிழர்கள் இதைச் செம்பனை என்கிறார்கள், இலங்கையில் முள்ளுத்தேங்காய் என்கிறார்கள். எனக்கு அந்த இலங்கைப் பெயர்மேல் தனிப் பிரியம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

செம்பனைக் குலையில் பாக்கு அளவிலிருந்து சிறு எலுமிச்சை அளவு வரை நூற்றுக்கணக்கான பழங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பழத்தின் செம்மஞ்சள் சதையைப் பிழிந்தால் வருவது பாமாயில். சதைக்கு உள்ளே கறுத்த ஓடு, ஓட்டுக்குள் வெள்ளைப் பருப்பு. அந்தப் பருப்பை ஆட்டினால் வருவதுதான் கெர்னல் ஆயில், அதாவது செம்பனைப் பருப்பெண்ணெய். 100 கிலோ குலையில் சதை எண்ணெய் சுமார் 20 கிலோ கிடைக்கும், பருப்பெண்ணெய் 2 கிலோதான்.

சதை எண்ணெயில் பெரும்பங்கு பால்மிடிக், ஒலேயிக் என்ற நீளமான கொழுப்பு அமிலங்கள். பருப்பெண்ணெயிலோ கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயிலும் அப்படியே, பாதி லாரிக்தான். மிரிஸ்டிக் அமிலம் தேங்காயில் 18 சதவீதம் என்றால் இதில் 16. வித்தியாசம் ஓரங்களில்தான் இருக்கிறது. ஒலேயிக் அமிலம் தேங்காயில் 6, 7 சதவீதம், இதில் 15 சதவீதம். மிகக் குட்டையான சில அமிலங்கள் தேங்காயில் இதைவிட இரண்டு மடங்கு. மற்றபடி இரட்டைப் பிள்ளைகள். கட்டியாக இருந்து 25 டிகிரி தாண்டியதும் சட்டென்று உருகிவிடுவதுவரை ஒற்றுமை. கொட்டைக்குள் ஒரு குட்டித் தேங்காய் ஒளிந்திருக்கிறது. முள்ளுத்தேங்காய் என்று பெயர் வைத்தவர் இதை ஆராய்ந்து வைத்திருக்க மாட்டார், ஆனாலும் பொருந்துகிறது.

இந்த எண்ணெயை உடம்புக்கும் தலைக்கும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் இப்போது பலர் பேசுகிறார்கள். நைஜீரியாவிலும் கானாவிலும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். யோருபா மக்கள் இதை 'அடின்' என்பார்கள். பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் கொட்டைகளை வெயிலில் காயப்போட்டு, கல்லில் வைத்து ஒவ்வொன்றாக உடைப்பார்கள். பருப்பைச் சட்டியில் போட்டுக் கறுக்கும்வரை வறுப்பார்கள். வறுக்க வறுக்கப் பருப்பே எண்ணெய் விடும். அப்படி இறக்கும் எண்ணெய் காப்பி டிகாஷன் நிறத்தில் இருக்கும், வாசனையும் தீய்ந்த கொட்டை வாசனை. பிறந்த குழந்தைக்குத் தேய்ப்பது, தலைக்கு வைப்பது, வறண்ட தோலுக்குப் பூசுவது எல்லாம் இதுதான். நம் பாட்டிகள் தேங்காய்ப்பால் காய்ச்சி உருக்கெண்ணெய் எடுத்துப் பேரப்பிள்ளைக்குத் தேய்த்த அதே வேலை. ஒரு சின்ன விசேஷம்: யோருபா தெய்வங்களில் எஷுவுக்கு இந்த அடின் ஆகாது. செம்மஞ்சள் பாமாயிலைப் படைப்பார்கள், பருப்பெண்ணெயை அவர் சன்னதிப் பக்கமே கொண்டுபோக மாட்டார்கள். இரண்டையும் குழப்பக் கூடாது என்பதில் எஷு என்னைவிடக் கறார்.

கறுப்பு சோப்பும் அங்கிருந்துதான் வருகிறது. யோருபாவில் 'ஓசே டுடு', கானாவில் 'அலாட்டா சமினா'. வாழைத்தோல், கொக்கோக் காய் ஓடு, பழம் உதிர்த்த செம்பனைக் குலை, இவற்றை உலர்த்தி எரித்துச் சாம்பலாக்குவார்கள். சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் காரநீர். அதில் எண்ணெயை விட்டு மணிக்கணக்கில் காய்ச்சிக் கிண்ட வேண்டும். சாம்பல் காரம் காஸ்டிக் சோடா போல வீரியமானது இல்லை, அதனால்தான் அவ்வளவு நேரம். அதில் இருப்பது பொட்டாசியம் என்பதால் சோப்பும் கட்டியாக இறுகாமல் பிசுபிசுவென்று, உதிரும் மண்ணாங்கட்டி மாதிரி இருக்கும். உவர்மண்ணில் துணி வெளுத்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் காரநீர்ச் சங்கதி புதிதாக இருக்காது. 'ஆப்பிரிக்கக் கறுப்பு சோப்பு' என்ற பெயரில் வழுவழுவென்று, மூலைகள் கூராக, கரிய நிறத்தில் ஒரு கட்டி வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

கொட்டை உடைப்பது பெண்கள் வேலை. கிழக்கு நைஜீரியாவின் இக்போ குடும்பங்களில் சதை எண்ணெய் விற்ற காசு ஆணுக்கு, பருப்பு விற்ற காசு பெண்ணுக்கு என்பது வழக்கம். நம் ஊரில் மோர் விற்ற காசும் கோழி முட்டைக் காசும் வீட்டம்மாவுக்கு என்று இருந்ததே, அதைப் போல. ஆகவே பருப்பு விலை விழுந்தால் அடி நேராகப் பெண்களுக்குத்தான். 1929இல் அந்த விலை விழுந்தது. கூடவே பெண்களுக்கும் வரி போடப் போகிறார்கள் என்ற பேச்சு. நவம்பரில் ஓலோகோ ஊரில் ஆள்கணக்கு எடுக்க வந்தவரோடு நுவான்யெருவா என்ற பெண்ணுக்கு வாய்த்தகராறு வந்தபோது, அவர் செம்பனை எண்ணெய் எடுக்கிற வேலையில் இருந்தார். அங்கிருந்து பற்றிய போராட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். பிரிட்டிஷ் அரசு சுட்டதில் 50க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். வரலாற்றில் இது பெண்கள் போர் என்றே பதிவாகியிருக்கிறது.

அந்தப் பருப்பெல்லாம் எங்கே போனது? ஐரோப்பாவுக்கு. முதல் உலகப் போருக்கு முன்பு பெரும்பங்கு ஜெர்மனிக்குப் போய் ஹாம்பர்க் ஆலைகளில் ஆட்டப்பட்டது. எண்ணெய் மார்கரினுக்கும் சோப்புக்கும், பிண்ணாக்கு மாட்டுக்கு. இங்கிலாந்தில் வில்லியம் லீவர் 1884இல் சன்லைட் என்று பெயர் வைத்து விற்ற சோப்பின் தொடக்ககாலக் கலவையில் பாதிக்குச் சற்றே குறைவாகக் கொப்பரை எண்ணெயோ செம்பனைப் பருப்பெண்ணெயோதான் இருந்தது. அதுவரை பெரிதும் மாட்டுக் கொழுப்பில் செய்த சோப்பு தண்ணீரில் கரைய மறுத்தது. இது நுரைத்தது. அந்த நுரைக்காகவே 1911இல் லீவர், அப்போது பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோவில் செம்பனைக் காடுகளைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றார். அங்கே ஆட்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கிய கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

ஏன் நுரைக்கிறது என்பதை ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். லாரிக் அமிலம் குட்டையானது, 12 கார்பன்தான். அதிலிருந்து வரும் சோப்பு மூலக்கூறு தண்ணீரில் சுலபமாகக் கரையும். கரைவதால் உடனே பெரிய பெரிய குமிழாக நுரைக்கும். கடல்நீரில்கூட ஓரளவு நுரை வரும் என்பதால் அந்தக் காலத்து மாலுமிகளுக்குத் தேங்காய் எண்ணெய் சோப்புதான். அதே குணம்தான் கெடுதலும். சுலபமாகக் கரைகிற அந்த மூலக்கூறு அழுக்கோடு நிற்காது, தோலின் இயற்கை எண்ணெயையும் வழித்துக்கொண்டு போகும். குளித்து முடித்துக் கையைச் சொறிந்தால் வெள்ளைக்கோடு விழுகிறதா? லாரிக் கூடிய சோப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நீங்கள் இதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள். குளியல் சோப்பு அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'சோடியம் பால்மேட்' என்று ஒன்றும் 'சோடியம் பாம் கெர்னலேட்' என்று ஒன்றும் பொடி எழுத்தில் இருக்கும். முன்னது சதை எண்ணெய், பின்னது பருப்பெண்ணெய். பெரும்பாலும் 80க்கு 20 என்ற விகிதத்தில் கலந்து, மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் சேமியா போல இழைத்து, 'சோப் நூடுல்ஸ்' என்று மூட்டையில் அனுப்புகிறார்கள். இங்கே வாசனையும் நிறமும் சேர்த்து அச்சில் அடிக்கிறார்கள். ஷாம்பூவில் நுரைக்கும் சோடியம் லாரத் சல்ஃபேட்டின் பெயரிலேயே லாரிக் ஒளிந்திருக்கிறது. தேங்காயை நினைவுபடுத்தும் பெயரோடு வரும் சில ஷாம்பூப் பொருட்கள்கூடப் பல சமயம் இந்தப் பருப்பிலிருந்துதான் வருகின்றன.

சரி, வீட்டுக்கு வருவோம். சோப்பில் இதைச் சேர்ப்பதென்றால் முதலில் காரக் கணக்கு. ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்க எத்தனை கிராம் காஸ்டிக் சோடா வேண்டும் என்பது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். தேங்காய்க்கு 0.183, பருப்பெண்ணெய்க்கு 0.176, பாமாயிலுக்கு 0.142. தேங்காய்க்கும் பருப்பெண்ணெய்க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஒரு கிலோ முழுக்கப் பருப்பெண்ணெயை வைத்துக்கொண்டு தேங்காய்க் கணக்கில் காரம் போட்டால் 7 கிராம் கூடிவிடும். வழக்கமாகப் பாதுகாப்புக்கு 5 சதவீதம் எண்ணெயைச் சோப்பாகாமல் மிச்சம் விடுவோம், அது ஒரு சதவீதத்துக்கு இறங்கிவிடும். தப்பிப்போம், ஆனால் நூலிழையில். பருப்பெண்ணெய் என்று நினைத்துப் பாமாயிலை ஊற்றினாலோ ஒரு கிலோவுக்கு 34 கிராம் வித்தியாசம். என் நாக்கு சுட்ட கதை இதுதான். என் கலவையில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் சுட்டதோடு போயிற்று.

அந்தக் கலவை இதுதான்: பருப்பெண்ணெய் 150 கிராம், பாமாயில் 175, கடலை எண்ணெய் 125, விளக்கெண்ணெய் 50. 5 சதவீத மிச்சம் விட்டுக் காஸ்டிக் சோடா 71 கிராம், தண்ணீர் 145 கிராம் அளவில். பருப்பெண்ணெய் நுரைக்கு, பாமாயில் கட்டி நிற்பதற்கு, கடலை எண்ணெய் மென்மைக்கு. விளக்கெண்ணெய் நுரையைச் சீக்கிரம் அடங்கவிடாது. பருப்பெண்ணெயை 30 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோக நான் துணிய மாட்டேன். வறண்ட தோல்காரர்கள் 20லேயே நிறுத்திக்கொள்ளலாம். தேங்காயைவிட இது தோலுக்குச் சற்று மென்மை என்று சிலர் சொல்வார்கள், அமிலக் கணக்கைப் பார்த்தால் அதற்கு இடமும் இருக்கிறது. குளிக்கும்போது எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

புதிதாகச் செய்கிறவர்களுக்கு: தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொட்ட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் போதும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். அச்சிலிருந்து எடுத்த கட்டியை நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றில் ஆறவிட வேண்டும்.

தோலுக்கு இதை நேரடியாகப் பூசுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எண்ணெய்ப் படலம் தோலின் ஈரம் ஆவியாவதைத் தடுக்கும், அவ்வளவுதான். பித்தவெடிப்புக்கு ஒரு தைலம் நன்றாக வரும். தேன்மெழுகு 20 கிராம், பருப்பெண்ணெய் 40, நல்லெண்ணெய் 40, மூன்றையும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி டப்பாவில் ஊற்ற வேண்டியதுதான். சென்னை மே மாதத்தில் மெழுகு இல்லாமல் வைத்தால் டப்பாவில் எண்ணெய்தான் இருக்கும். ஒரு துளித் தண்ணீர்கூடப் படக் கூடாது. ஈரம் பட்டு நாள்பட்டால் லாரிக் அமிலம் பிரிந்து எண்ணெயே சோப்பு வாடை அடிக்கும். முகப்பரு வருகிற முகத்துக்கு வேண்டாம். லாரிக் அமிலம் பரு உண்டாக்கும் கிருமியை ஆய்வுக்கூடத்தில் அடக்கியது உண்மைதான். ஆனால் எண்ணெயில் அது தனியாக இல்லை, கிளிசரினோடு கட்டுண்டு கிடக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் காய்ச்சலும் வலிப்பும் வந்த குழந்தைக்கு அடின் தேய்ப்பதும் ஊட்டுவதும் உண்டு. அதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். வலிப்பு வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

தலைமுடிக்குச் சொல்லப்படும் மகிமைகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். லாரிக் அமிலம் நேராகவும் குட்டையாகவும் இருப்பதால் முடித்தண்டுக்குள் புகுகிறது என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணம். அந்தக் காரணம் சரி என்றால் பருப்பெண்ணெய்க்கும் அதே பலன் இருக்க வேண்டும். ஆனால் அந்த ஆய்வில் பருப்பெண்ணெய் இல்லை. ஆகவே தேங்காய் எண்ணெய் செய்வதை இதுவும் செய்யலாம் என்பதுவரை நான் வருவேன். முடி வளரும், வழுக்கையில் முளைக்கும் என்பவர்களோடு வர மாட்டேன். பொடுகு இருந்தால் இரண்டுமே வேண்டாம். பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலசேசியா என்ற பூஞ்சைக்கு இந்தக் கொழுப்பு அமிலங்கள் சாப்பாடு.

வீட்டில் செய்த சோப்பையே தலைக்கும் போடலாமா என்றும் கேட்கிறார்கள். நல்ல தண்ணீர் வருகிற வீட்டில் போடலாம். போர்வெல் தண்ணீரில் போட்டால் சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து மெழுகாக முடியில் ஒட்டும், சீப்பில் சாம்பல் நிறத்தில் வரும். கடைசியாக ஒரு குவளைத் தண்ணீரில் அரை எலுமிச்சை பிழிந்து அலசினால் கொஞ்சம் விடும். சீயக்காயில் இந்தத் தொல்லையே இல்லை.

காட்டை அழித்து வந்த எண்ணெயாயிற்றே என்ற கேள்வி மிஞ்சுகிறது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் ஒராங்குட்டான் வாழ்ந்த காடுகள் செம்பனைத் தோட்டமானது உண்மை. பருப்பெண்ணெய்க்காகவே யாரும் மரம் நடுவதில்லை, சதை எண்ணெயோடு ஒட்டி வருவதுதானே என்று சமாதானம் சொல்லலாம், நானும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் பருப்பும் காசுதான். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். அதற்கு முன் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள். வண்டு வந்த பிறகு காய் பிடிப்பு கூடியது, பருப்பின் விளைச்சலும் எகிறியது. தோட்டக்காரர்களின் கணக்குப் புத்தகத்தில் பருப்பு தனி வரவு. இலங்கை 2021இல் முள்ளுத்தேங்காய் நடுவதைத் தடை செய்தது. அதே ஆண்டு இந்தியா 11,040 கோடி ரூபாயில் அதை நடும் திட்டத்தை அறிவித்தது. இரண்டில் எது சரி என்று அரைக் கிலோ சோப்பு செய்கிற நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. தேங்காய் விலை இறங்கினால் தேங்காய்க்கே திரும்பிவிடுவேன் என்பது மட்டும் தெரியும்.

அதுவரைக்கும் வேறொரு கடையில் இன்னொரு பாட்டில் வாங்கியிருக்கிறேன். இந்த முறை தராசைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் கரண்டி நுனியால் தட்டினேன். படக்கென்று இரண்டாக உடைந்தது.